சுலைமான் மேல் நான் போட்ட பழி

நோயிலிருந்து பிழைத்து வந்து எழுதுகிறவர்கள் முதலில் டாக்டர்களுக்கும் தெய்வத்துக்கும் நன்றி சொல்வார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். டாக்டர்களுக்கு நன்றி. மாரியாத்தாளுக்கு நன்றி. மீதியையெல்லாம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறின பிறகு எழுதலாமே என்றாள் என் மனைவி சரசு. ஆறிவிட்டால் நான் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் தங்கவேலு. பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் ஊர். நாலு ஏக்கர் தென்னை, கொஞ்சம் வயல், மூன்று மாடு. ஐம்பத்துமூன்று வயதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

காய்ச்சல் கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வந்த வேகத்திலேயே ஆளைச் சாய்த்துவிட்டது. உடம்புவலி என்றால் சாதாரண வலியல்ல. கெண்டைக்கால் இரண்டையும் துணி பிழிகிற மாதிரி யாரோ முறுக்கினார்கள். காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. மறுநாள் காலையில் சரசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கண்ணு ரெண்டும் ரத்தமாட்டச் செவந்து கெடக்குது, கள்ளு ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்று கேட்டாள். பக்கத்து க்ளினிக்கில் வைரல் ஃபீவர் என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சமாக வந்தது. அன்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டியண்டை விழுந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு நாச்சிமுத்துவுடையது. என் பங்காளி, சித்தப்பா மகன். முப்பது கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன், கோயில் கமிட்டிச் செயலாளர். அவன் வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. சரசு ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். "நோம்பி விசயமா சித்தூர் போயே ஆகோணும் அண்ணி, ஆம்புலன்ஸ் கூப்புடுங்க" என்று சொல்லி அவன் கிளம்பிவிட்டான். நோம்பி என்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா.

ரோட்டில் நின்று கத்திய சரசுவுக்காக வண்டியை நிறுத்தியவர் சுலைமான் ராவுத்தர். என் தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரமாக, இரண்டு வருடமாக அவர் கோழிக்கடை வைத்திருந்தார். பாலக்காட்டு ராவுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். அவர் பேசுவதும் நான் பேசுவதும் ஒரே பேச்சுத்தான். ஆனாலும் அந்த இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் சண்டை மட்டும்தான். நாற்றம் அடிக்கிறது என்று மூன்று தடவை போய்க் கத்தியிருக்கிறேன். ஒருதடவை அவருடைய மதத்தையும் சேர்த்துத் திட்டினேன். அவர் கத்தியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த மனிதர் பிக்கப் வண்டியிலிருந்த கோழிக்கூண்டுகளை ரோட்டோரத்தில் இறக்கித் தள்ளிவிட்டு, என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாலக்காட்டுக்கு ஓட்டினார். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. "கண்ண மூடாதீங்க கவுண்டரே. என்னையத் திட்டோணும்னாலும் திட்டுங்க. மூடாதீங்க."

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது மலையாளத்து இளம் டாக்டரம்மா ஒருவர். கண்ணை விரித்துப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார், நான் அலறினேன். "எலிப்பனி போலத்தான் இருக்கு" என்றார். எலிக்காய்ச்சல் என்று தமிழில் சொல்வார்களே, அதுதான். எலி கடித்து வருவதல்ல. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் ஒரு கிருமி இருக்கும். அது கலந்த தண்ணீரிலோ சேற்றிலோ நாம் நிற்கும்போது, காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உள்ளே போய்விடும். உடனே தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ஈரலைப் பிடிக்கும், சிறுநீரகத்தை நிறுத்தும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலேயே போய்விடும். நான் நாலு நாளைக் காய்ச்சல் மாத்திரையில் கழித்திருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒரு கணக்கு உண்டு. ரத்தத்தில் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது காட்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது எனக்கு ஏழைத் தாண்டியிருந்தது. "ரெண்டு கிட்னியும் வேலைநிறுத்தம் செஞ்சிருக்கு. திரும்பி வர்ற வரைக்கும் மிஷின் வேலை செய்யட்டும். பேடிக்கண்டா" என்றார் டாக்டரம்மா. பயப்படாதே என்று அர்த்தம். சொன்னவர் முகத்தில் பயம் இருந்தது.

டயாலிசிஸ் பிரிவில் இருந்த நர்ஸ் முத்துலட்சுமி மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரில் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள். அவள் பேச்சில் திருநெல்வேலி வாடை அடிக்கும். "கழுத்துல ஒரு குழாயி வைப்பாக. அம்புட்டுத்தான். மிசினு ஒங்க ரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பிக் குடுத்துரும். நாலு மணி நேரம் பேசாம கெடந்தீயன்னா நான் ஒங்களுக்கு ராசா பட்டம் கட்டுதேன்" என்றாள். குழாய் வைத்தபோது ராசாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மிஷின் ஓட ஓட உடம்பு குளிரில் தூக்கிப் போட்டது. என் ரத்தம் சிவப்புக் கம்பிபோல ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சரசு போர்வைக்குள் கையை விட்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தேய்ந்துபோகிற அளவுக்குத் தேய்த்தாள்.

இரண்டாவது டயாலிசிஸ் முடிந்த மறுநாள் நாச்சிமுத்து வந்தான். கையில் ஆரஞ்சுப் பை. சரசு கஞ்சி வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தான். பிறகு, "ராசு போயிட்டாண்ணா" என்றான்.

ராசு எங்கள் ஊர்க் கூலியாள். பத்து வருடமாக என் தோப்பில் தேங்காய் போட்டவன். வாய்க்கால் ஓரத்தில் குடியிருந்தான். அவனுக்கும் இதே காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று வேர்மருந்து குடித்துக்கொண்டிருந்து ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனான் என்றான் நாச்சிமுத்து.

"எல்லாம் அந்தக் கோழிக்கடைத் தண்ணிண்ணா. ரத்தமும் குடலும் வாய்க்கால்ல உட்டு உட்டு ஊரையே நாசம் பண்ணிட்டான். ராசு குடிச்சது அந்தத் தண்ணி. உன்ற தோப்புக்கும் அதுதானே வருது?"

"அவன்தான்டா என்னையத் தூக்கிட்டு வந்தான்" என்றேன்.

"ஏன் தூக்கியாந்தான்? அதை யோசிச்சியா? நீ அங்கயே செத்திருந்தா ஊரு அவன உட்டிருக்குமா? பயத்துல ஓடியாந்தான்ணா. அவங்க சனம் எதுக்கும் துணிஞ்சது."

அந்தப் பேச்சு என் மண்டைக்குள் எவ்வளவு சுலபமாகப் போய் உட்கார்ந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒருவர் செய்த உதவியே அவர் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. இதையே வேறு யாராவது ஒரு கவுண்டரைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

நாச்சிமுத்து ஃபோனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். "ஊருக்கு ரெண்டு வார்த்தை சொல்லுண்ணா."

சொன்னேன். "ராசுவைக் கொன்னவன் சுலைமான். என்னைய இந்தக் கதிக்கு ஆளாக்குனவனும் அவன்தான். அந்தக் கடை இருக்கற வரைக்கும் ஊருக்குள்ள சாவு உழும். நா எந்திரிச்சு வந்தா அவனச் சும்மா உடமாட்டேன்." நடுவில் இருமல் வந்தது. இருமலோடு சேர்த்தே பதிவானது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் நன்றாக இருந்தேன். இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சாகப் போகிறோமோ என்று கிடக்கிறவனுக்குப் பழிவாங்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அது குளுக்கோஸைவிட வேகமாக உடம்பில் ஏறுகிறது. கஞ்சியை முழுசாகக் குடித்தேன். எழுந்துபோய்ச் சுலைமானின் கடைக்கு முன்னால் நின்று என்னென்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் செய்து பார்த்தேன். அடுத்த டயாலிசிஸில் குளிர்கூடத் தெரியவில்லை. "இன்னைக்கு என்னய்யா, மொகத்துல வெளிச்சமா இருக்கு?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் சரசு மருந்து வாங்கக் கீழே போனாள். ஒரு மணிநேரம் கழித்துத்தான் வந்தாள். மருந்துப் பையை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

மூன்று தடவை கேட்ட பிறகு திரும்பினாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"கீழ கேசுவால்டியில மைமூன் உக்காந்திருக்கா. சுலைமான் பாயி சம்சாரம். மணிக்கட்டு முறிஞ்சு தொங்குது. ஸ்கேலை வெச்சுத் துண்டுல கட்டிக் கூட்டியாந்திருக்காங்க. காத்தால பதினஞ்சு பேரு போயிக் கடையை இடிச்சுப் போட்டாங்களாமா. கூண்டைப் பிடிச்சுட்டு நின்னவளத் தள்ளியுட்டிருக்காங்க. என்னையப் பார்த்ததும் அவ என்ன கேட்டா தெரியுமா? 'அக்கா, அண்ணனுக்கு இப்ப எப்பிடிங்க இருக்குது'ன்னு கேட்டா."



"அவ ஒண்ணுமே சொல்லலை. கூட இருந்த கொழுந்தனாருதான் ஃபோனை எடுத்துப் போட்டுக் காட்டுனாரு. உங்க குரலுங்க. இருமல்கூட உங்களுதுதான்." "நா அத்தனை பேரு முன்னால ரோட்டுல கெடந்து கத்துனப்ப வண்டியை நிறுத்துன மனுசனுங்க அது. உங்களுக்குக் கஞ்சி ஊத்தறது என்ற கடமை, ஊத்தறேன். வேற எதுவும் என்கிட்டக் கேக்காதீங்க."

அப்போதும் நான் மனம் மாறவில்லை. கை முறிந்தது பாவம்தான், ஆனால் ராசு செத்திருக்கிறானே என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால், என்னை மாற்றியது இரக்கமோ பெருந்தன்மையோ அல்ல. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வந்த ஒரு அரசாங்கப் படிவம்தான்.

எலிக்காய்ச்சல் என்று உறுதியானால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும். எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க ஆள் வருவார்கள். வந்தது ஒரு பெண் ஹெல்த் இன்ஸ்பெக்டர். கட்டிலருகே நின்றபடியே படிவத்தை நிரப்பினார். மலையாளத்தில் கேட்டார், எனக்கு நன்றாகப் புரியும்.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துல எந்தத் தண்ணியில இறங்கினீங்க?"

"வாய்க்கால் தண்ணிதாங்க. கோழிக்கடைத் தண்ணி."

"அந்த வாய்க்கால்ல இறங்கினீங்களா?"

யோசித்தேன். வாய்க்காலில் அப்போது முறைத் தண்ணீரே விடவில்லை. தோப்புக்குக் கிணற்றிலிருந்துதான் பாய்ச்சினேன். "இல்லீங்க" என்றேன்.

"நான் அந்தக் கடைக்குப் போயிருக்கேன். அவர் கழிவை மூடின குழியிலதான் விடறார். குப்பை சேர்ந்தா எலி வரும், அது வாஸ்தவம். ஆனா கால் வைக்காத தண்ணி எப்படி உங்களைப் பிடிக்கும்? உங்க ஊர்ல இன்னும் ரெண்டு பேர் தாலுக் ஆஸ்பத்திரியில இருக்காங்க. உங்களையும் இறந்துபோன ராசுவையும் சேர்த்தா நாலு பேர். நாலு பேரும் சேர்ந்து எங்கயாவது வேலை செஞ்சீங்களா?"

டிரிப் மாற்றிக்கொண்டிருந்த முத்துலட்சுமி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கோயில் குளம். நோம்பிக்கு முன்னால் குளத்தைச் சுத்தம் பண்ணினோம். நான், ராசு, இன்னும் இரண்டு பேர். முழங்கால் சேற்றில் இரண்டு நாள். என் குதிகாலில் வெடிப்பு, ராசுவின் காலில் முள் கிழித்த காயம். வடக்குச் சுவரில் கல் இடுக்கு வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. "மாட்டு மூத்தர நாத்தமடிக்குதுங்களே" என்று ராசு சொன்னான். கரைமேல் குடை பிடித்து நின்ற நாச்சிமுத்து, "அது ஊத்துத் தண்ணிடா, அள்ளு அள்ளு" என்றான். அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் அவனுடைய முப்பது மாட்டுக் கொட்டகை.

எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதினார். "தண்ணியைச் சோதனைக்கு எடுக்கறோம். அதுவரைக்கும் யாரும் இறங்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப அந்தக் கடையை ஏன்யா இடிச்சாக?" என்று முத்துலட்சுமி கேட்டாள். ஆஸ்பத்திரி முழுக்க விஷயம் பரவியிருந்தது. "ஏன்னா அது சொல்றதுக்குச் சுளுவா இருந்திருக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டு ட்ரேயை எடுத்துப் போனாள்.

பிறகு நான் செய்தது நாச்சிமுத்துவை அழைத்துச் சண்டை போடுவதல்ல. காத்திருந்தேன். ஐந்து நாள் கழித்து மறுபடி ஆரஞ்சோடு வந்தான். சிரித்துப் பேசினேன். "கடைக்கு யார் யாரெல்லாம் போனீங்க? எல்லாரும் நம்ம பசங்கதானா?" என்று கேட்டேன். பெருமையாக ஒவ்வொரு பெயராகச் சொன்னான். முதல் கடப்பாரை யார் போட்டது, தகரத்தை யார் பிரித்தது என்றும் சொன்னான். நான் பதினைந்து பெயரையும் மனசில் வாங்கிக்கொண்டேன். "மைமூனைத் தள்ளுனது யாரு?" என்றபோது கொஞ்சம் தயங்கி, "அவளா உழுந்தாண்ணா" என்றான். தள்ளியது இவன்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவன் போனதும் சரசு மெல்லத் திரும்பி, "என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"மொதல்ல எனக்கு ஒண்ணுக்குப் போகோணும். அப்பறம் சொல்றேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு டயாலிசிஸுக்குப் பிறகு சிறுநீரகம் தானாக வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. முத்துலட்சுமி அளவுக்குடுவையைத் தூக்கிக் காட்டி, "ராசா, இதப் பாருங்க, ஒன்றரை லிட்டரு!" என்று வார்டுக்கே கேட்கச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். பதினெட்டாம் நாள் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெயிலில் நடக்காதே, சேற்றில் இறங்காதே, உப்பைக் குறை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். கோபத்தைக் குறை என்று எழுதவில்லை.

சாவு விழுந்ததால் தள்ளிப்போன நோம்பிக்கு நாள் குறிக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சரசு தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாச்சிமுத்து எனக்கு நாற்காலி போட்டு, "நம்ம அண்ணன் சாவைச் செயிச்சுட்டு வந்திருக்காரு. அந்தக் கடை இனி இந்த ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு அவரு வாயாலயே சொல்லோணும்" என்றான்.

நான் எழுந்தேன். "சொல்றேன். அதுக்கு முன்னால எல்லாரும் குளத்துக்கு வாங்க" என்றேன்.

குளத்து வடக்குச் சுவரில் கசிவு இருந்த இடத்துக்கு நேர் மேலே, கொட்டகைக்கும் கரைக்கும் நடுவில் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. நான் தோண்டுகிற நிலையில் இல்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ராசுவின் மனைவி பாப்பாத்தி வந்தாள். முந்தின நாளே நானும் சரசுவும் அவள் குடிசைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். மண்வெட்டியோடு வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் வெட்டினாள். முழங்கை ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய் தட்டுப்பட்டது, மூட்டில் புதுச் சிமெண்ட் பூச்சோடு. அவள் மண்வெட்டியைத் திருப்பி ஓங்கி அடித்தாள். குழாய் உடைந்து கறுப்பாக மாட்டு மூத்திரமும் சாணக் கரைசலும் பீச்சியடித்தது. மாரியாத்தா குளத்துக்கு நாங்கள் ஊற்று என்று நினைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

"அது பழைய பைப்புங்க, எனக்கே தெரியாது" என்றான் நாச்சிமுத்து.

"பழைய பைப்புக்கு இப்பத்தான் சிமெண்ட் பூசுனயா?" என்று கேட்டேன். "நோம்பி முடியறவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எங்களச் சேத்துல எறக்குன. ராசு செத்ததும் பயந்துட்ட. உன்ற மாட்டைக் காப்பாத்த ஒரு ஆளு வேணும். நம்ம சாமி கும்பிடாத ஆளாப் பாத்துக் காட்டியுட்ட. நா ஒரு முட்டாளு, நம்புனேன்."

பாப்பாத்தி குனிந்தாள். உடைந்த குழாயிலிருந்து வழிந்த சேற்றை மண்வெட்டியில் அள்ளி அவன் வெள்ளை வேட்டிமேல் வீசினாள். வாழ்க்கையில் நான் அனுபவித்த பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று. இல்லையென்று சொன்னால் பொய்.

அதே இடத்தில் நின்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னொரு குரல்பதிவு போட்டேன். நான் சொன்னது பொய், சுலைமான்மேல் குற்றமில்லை, பதினைந்து பேரும் போய் இடித்த கடையைக் கட்டித் தரவேண்டும் என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாச்சிமுத்துவுக்குச் செயலாளர் பதவி அன்றே போனது. சுகாதாரத் துறை அவன்மேல் தனியாக வழக்குப் போட்டது.

அன்று மத்தியானமே ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மைமூன். கையில் மாவுக்கட்டு. வா என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து சுலைமான் வந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா கவுண்டரே?"

"ஆமாங்க."

"நீங்க இப்பப் போட்ட பதிவைக் கேட்டேன். பழசையும் அழிக்காம வெச்சிருக்கேன். போலீசுல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன், அதுல உங்க பேரும் இருக்குது. நீங்க வந்து கும்பிட்டா நா வாபஸ் வாங்கீருவேன்னு நெனச்சீங்களா? நாங்க எப்பவும் பெருந்தன்மையாவே இருக்கோணுமா? எனக்கும் ஆத்திரம் வருமுங்க."

"வாபஸ் வாங்காதீங்க" என்றேன். "பதினஞ்சு பேர் பேரும் எனக்குத் தெரியும். யாரு என்ன பண்ணுனான்னும் தெரியும். நா வந்து சொல்றேன்."

அவர் கதவை முழுசாகத் திறந்தார். பிறகு, "நிக்கற தெம்பு உங்களுக்கில்ல, வந்து உக்காருங்க" என்றார்.

மைமூன் இடது கையால் டீ கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க. நா மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க" என்றாள். குடித்தேன்.

அன்றிலிருந்து வாரம் ஒருநாள் போகிறேன். முதலில் வழக்கைப் பற்றித்தான் பேசினோம். எங்கள் இருவருக்கும் பிடித்த ஒரே விஷயம் நாச்சிமுத்துவை வெறுப்பதுதான். கேட்க நன்றாயிருக்காது, ஆனால் அந்த வெறுப்பில்தான் எங்கள் பேச்சு வளர்ந்தது. ஒருநாள், இரண்டு வருடமாக மனசில் அருவருப்பாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "கோழி அறுக்கும்போது வாய்க்குள்ள என்னமோ சொல்றீங்களே, அது என்னங்க?"

"படைச்சவன் பேரைச் சொல்றோம். உசுரு அவன் குடுத்தது. அவன் பேரைச் சொல்லாம நா அதுல கை வைக்கப்படாது."

நோம்பியில் நாங்கள் கிடா வெட்டும்போது தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் ஆத்தா சம்மதித்தாள் என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் எவ்வளவு நேரமானாலும் வெட்டமாட்டோம். அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப நீங்களும் கேட்டுட்டுத்தான் வெட்டறீங்க" என்றார் சுலைமான். "இத்தனை வருசத்துல எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலை."

"நீங்க கேக்க உட்டீங்களா?" என்றார். மூன்று பேருமே சிரித்துவிட்டோம். மைமூன் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கடையைப் பன்னிரண்டு பேர் வந்து கட்டிக் கொடுத்தார்கள். மூன்று பேர் வரவில்லை. குளத்தை வற்றவைத்துச் சுத்தம் செய்தபோது பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ஆறு பேர் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முழங்கால்வரை பூட்ஸ், வேலைக்கு முன்னால் சுகாதார நிலையத்து மாத்திரை. எனக்குக் கரையில் உட்கார மட்டும் அனுமதி.

போன மாதம் வழக்கு முதல்தடவையாகக் கோர்ட்டுக்கு வந்தது. புகார் கொடுத்த சுலைமானும் மைமூனும், குற்றம் சாட்டப்பட்ட நானும், எனக்குத் துணையாகச் சரசுவும் ஒரே பஸ்ஸில் போனோம். கோர்ட் வாசலில் அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், நான் இந்தப் பக்கம் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து. ஆள் இளைத்திருந்தான்.

"அண்ணா, நீயும் இதுல மாட்டிக்கிட்டு இருக்கே" என்று காதருகில் சொன்னான். "எல்லாரும் சேந்து இல்லைன்னு சொல்லீட்டாக் கேசு நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. அந்தக் குரல் உன்றது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாமெல்லாம் ஒரு ரத்தம்ண்ணா."

"என்ற ரத்தத்தை ஆறு தடவை கழுவி ஊத்திட்டாங்க" என்றேன். "அந்தக் குரல் என்றதுதான். சொன்னது என்ற வாய். ஃபோனைப் பிடிச்சது உன்ற கை. ரெண்டையும் நா ஒத்துக்கப் போறேன். எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். நீ எங்க தப்பிச்சுப் போறேன்னு நானும் பாக்கறேன்."

எதிர்ப்பக்கம் மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். சரசு முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள். நான் முன்னால் போனேன்.